மூணாவது பக்கத்துலயே கொலைகாரன் பேரைச் சொல்ற கதைகள்: நுவார்னா என்ன?

எங்க ஊர்ல ஒரு வாடகை லைப்ரரி இருந்துச்சு, ஒரு ஆள் நுழையற அகலம்தான் இருக்கும், மாத நாவல் எல்லாம் அட்டை கிழிஞ்சு போயி ஊசி நூல் போட்டுத் தைச்சு அடுக்கி வெச்சிருப்பாங்க. ஸ்கூல் லீவுல ஒரு துப்பறியும் நாவல் எடுத்துட்டு வந்து மொட்டை மாடில உக்காந்து ஆசையா பிரிக்கிறேன், மூணாவது பக்கத்துல ஒரு பேரைச் சுத்தி பேனாவால வட்டம் போட்டு "இவன்தான் கொன்னது"ன்னு எவனோ ஒரு புண்ணியவான் எழுதி வெச்சிருக்கான். அவ்வளவுதான், கதை செத்துப் போச்சு. மிச்சம் இருந்த தொண்ணூறு பக்கத்தையும் கடுப்போடதான் படிச்சு முடிச்சேன், அவன் எழுதினது சரியாவும் இருந்து தொலைஞ்சது.

ரொம்ப வருஷம் கழிச்சு ஒரு பழைய இங்கிலீஷ் படம் பாத்தேன், 1944ல வந்தது, பேரு டபுள் இன்டெம்னிட்டி. ராத்திரி நேரம், லாஸ் ஏஞ்சல்ஸ் ரோட்டுல ஒரு கார் தாறுமாறா வந்து ஒரு ஆபீஸ் வாசல்ல நிக்குது, கோட்டு போட்ட ஒருத்தன் இறங்கி, லிஃப்ட்காரர் கேக்குறதுக்கெல்லாம் அரைகுறையா பதில் சொல்லிட்டு மேல போறான். ஒரு ரூமுக்குள்ள போயி உக்காந்து டிக்டஃபோனை இழுத்து வெச்சுக்கிறான், அதாவது லெட்டர் டிக்டேட் பண்ண ஆபீஸ்ல வெச்சிருந்த மெஷின், நாம பேசப் பேச ஒரு உருளைல பதிவாகிட்டே போகும். அப்பதான் அவன் தோள்பட்டைல ஏதோ ஈரமா கறை இருக்குறது நமக்குத் தெரியுது. அந்த மெஷின்ல, கொன்னது நான்தான், பணத்துக்காகவும் ஒரு பொண்ணுக்காகவும் கொன்னேன், கடைசில ரெண்டுமே கிடைக்கலன்னு சொல்றான். படம் ஆரம்பிச்சு கொஞ்ச நேரம்தான் ஆகுது, அதுக்குள்ள யாரு கொன்னான், ஏன் கொன்னான், திட்டம் பலிச்சுதா இல்லையா எல்லாம் சொல்லியாச்சு. லைப்ரரி புக்குல அந்தப் புண்ணியவான் பண்ண வேலையை இங்க டைரக்டரே பண்ணிட்டாரு, ஆனா கதை சாகல, அங்கேர்ந்துதான் உயிரே வருது.

இந்த வகைப் படத்துக்குத்தான் ஃபிலிம் நுவார்னு பேரு. நுவார்னா பிரெஞ்சுல கறுப்பு. நோயிர், நாய்ர்னு எல்லாம் நம்மாளுங்க சொல்லிக் கேட்டிருக்கேன், தப்பில்ல, எழுத்தைப் பாத்தா அப்படித்தான் வரும். ஆனா கறுப்பு வெள்ளைல எடுத்த பழைய க்ரைம் படம் எல்லாமே நுவார்னு நினைச்சுக்கிறது மட்டும் வேண்டாம், நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைச்சிட்டிருந்தேன்.

துப்பறியும் கதைன்னா நமக்குப் பழக்கமானது ஒரு பங்களா, ஒரு பொணம், ஏழெட்டு பேர் மேல சந்தேகம், ஒரு கெட்டிக்கார டிடெக்டிவ், கடைசி அத்தியாயத்துல எல்லாரையும் ஹால்ல உக்கார வெச்சு "கொலைகாரன் இந்த அறையிலதான் இருக்கான்"னு சொல்றது. அகதா கிறிஸ்டி 1920ல முதல் நாவல் போட்டதுலேர்ந்து இங்கிலாந்துல இது கொடி கட்டிப் பறந்துச்சு. 1929ல ரொனால்ட் நாக்ஸ்னு ஒரு பாதிரியார், அவரும் மர்மக் கதை எழுதறவர்தான், இந்த ஆட்டத்துக்குப் பத்து கட்டளையே போட்டாரு, ரகசியப் பாதை ஒண்ணுக்கு மேல கூடாது, டிடெக்டிவே கொலைகாரனா இருக்கக்கூடாதுன்னு எல்லாம். குறுக்கெழுத்துப் போட்டி மாதிரி. பொணம் விழுந்தாலும் சோபா கவர் அழுக்காகாது. எனக்கு இப்பவும் இந்த வகை பிடிக்கும், மழை நாளுக்கு இதைவிட சுகமான வாசிப்பு இல்ல.

அதே நேரத்துல அமெரிக்கால வேற ஒண்ணு நடந்துட்டிருந்துச்சு. அதுக்கு நாம பேப்பர்லேர்ந்து ஆரம்பிக்கணும். பல்ப்னா மரக்கூழ். மரத்தைக் கூழாக்கி மட்டமா செய்யற பேப்பர், கையில தொட்டா சொரசொரன்னு இருக்கும், ரெண்டு வருஷத்துல பழுப்பாகி ஓரம் பொடிப்பொடியா உதிரும். நம்மாளுங்க சாணி பேப்பர்னு சொல்வாங்கல்ல, கிட்டத்தட்ட அந்த ஜாதிதான். 1896லயே ஆர்கஸின்னு ஒரு பத்திரிகை இந்தப் பேப்பருக்கு மாறி முழுக்க முழுக்க கதையா போட ஆரம்பிச்சுது, வழவழ பேப்பர்ல வர்ற பெரிய இடத்துப் பத்திரிகையை வாங்க முடியாதவங்களுக்கு பத்து, இருபது சென்ட்டுல நூறு பக்கத்துக்கு மேல கதை கிடைச்சுது. உள்ள கறுப்பு மையும் மட்டமான தாளும்தான், ஆனா அட்டை மட்டும் கண்ணைப் பறிக்கும், துப்பாக்கி, சிவப்பு டிரஸ்ல ஒரு பொண்ணு, ஜன்னல் வழியா ஒரு கை. பஸ் ஸ்டாண்டு கடைல கயித்துல கிளிப் மாட்டித் தொங்குற மாத நாவல் அட்டையைப் பாத்து வளர்ந்தவங்களுக்கு இதை நான் விளக்கவே தேவையில்ல.

அந்தக் கும்பல்ல பிளாக் மாஸ்க்குனு ஒரு பத்திரிகை. 1920ல மென்கென், நேதன்னு ரெண்டு பேர் ஆரம்பிச்சாங்க, அவங்களுக்கு இலக்கியப் பத்திரிகை ஒண்ணு இருந்துச்சு, அது நஷ்டத்துல ஓடுச்சு, அந்த ஓட்டையை அடைக்க இதை ஆரம்பிச்சு, எட்டு இதழ் போட்டு நல்ல லாபத்துக்கு வித்துட்டுப் போயிட்டாங்க. அதாவது உயர்ந்த இலக்கியத்துக்கு சோறு போட க்ரைம் கதை, இந்தக் கூத்து எல்லா ஊர்லயும் உண்டு போல. 1926லேர்ந்து ஜோசப் ஷாங்கிறவர் எடிட்டர் ஆனப்புறம்தான் பிளாக் மாஸ்க்குக்கு ஒரு தனி குணமே வந்துச்சு. கூட்டிக் கழிச்சு எழுதாத, வர்ணிக்காத, ஆள் என்ன பண்ணான்னு மட்டும் சொல்லுங்கிற மாதிரி ஒரு நடை. ஹார்ட்பாயில்ட்னு இதுக்குப் பேரு, நல்லா வெந்து கெட்டியாயிட்ட முட்டை மாதிரி இறுகிப்போன ஆளு.

டேஷியல் ஹாமெட் அங்கதான் வளந்தாரு. அவரே பிங்கர்டன் டிடெக்டிவ் கம்பெனில வேலை பாத்தவர், காசநோய் வந்து அந்த வேலை செய்ய முடியாம போனப்புறம்தான் எழுத உக்காந்தாரு. அதனால அவர் கதைல வர்ற டிடெக்டிவ் பைப்பைப் புகைச்சுக்கிட்டு மூளையால துப்பு துலக்க மாட்டான், வேகாத வெயில்ல ஒருத்தன் வீட்டு எதிர்ல நின்னு காத்திருப்பான், அடி வாங்குவான், கம்பெனிக்கு செலவுக் கணக்கு எழுதுவான். தி மால்டீஸ் ஃபால்கன் 1929ல பிளாக் மாஸ்க்ல தொடராத்தான் வந்துச்சு. அதை வார்னர் பிரதர்ஸ் பத்து வருஷத்துல மூணு தடவை படமா எடுத்தாங்க, மூணாவதா 1941ல ஜான் ஹஸ்டன் எடுத்ததுதான் நின்னுச்சு.

இன்னொருத்தர் ரேமண்ட் சாண்ட்லர். எண்ணெய்க் கம்பெனில பெரிய ஆபீசரா இருந்தவரு, குடி, ஆபீசுக்கு மட்டம் எல்லாம் சேந்து 1932ல வேலை போச்சு. கையில காசு இல்ல, பல்ப் பத்திரிகையை வாங்கிப் படிச்சுப் பாத்துட்டு இதை நாமளும் எழுதலாமேன்னு உக்காந்தாரு. முதல் கதைக்கு அஞ்சு மாசம் எடுத்துக்கிட்டாரு, 1933 டிசம்பர்ல பிளாக் மாஸ்க்ல வந்தப்ப வயசு 45, கிடைச்சது 180 டாலர். பல்ப்ல அப்ப வார்த்தைக்கு ஒரு சென்ட்தான் வழக்கமான கூலி, அதுக்கு மத்தவங்க மாசம் நாலஞ்சு கதை தட்டி விடுவாங்க, இவர் ஒரு கதையை அஞ்சு மாசம் செதுக்கிட்டிருந்திருக்காரு. பங்களா மர்மத்தை எல்லாம் அவர் பின்னாடி ஒரு கட்டுரைல கிழிச்சு தொங்க விட்டாரு, கொலையை அதைச் செய்ய காரணம் இருக்கிற ஆளுங்க கையிலயே திருப்பிக் குடுத்தவர் ஹாமெட்னு அதுல ஒரு பாராட்டு வரும்.

ஆனா இன்னும் நுவார் வரல பாருங்க. ஹார்ட்பாயில்ட் கதைல ஊரே நாறிப் போயிருந்தாலும் டிடெக்டிவ் மட்டும் நேர்மையா நிப்பான், அவன் வழியாத்தான் நாம கதையைப் பாக்குறோம். நுவார்ல கேமரா ஒரு அடி எடுத்து வெச்சு தப்பு பண்றவன் தோளுக்குப் பின்னாடி போயி நின்னுடுது. இந்த ஒரு அடிக்கு நிறைய கடன்பட்டிருக்கிறது டபுள் இன்டெம்னிட்டி கதையை எழுதின ஜேம்ஸ் எம். கெய்னுக்குத்தான்.

கெய்ன் நியூயார்க்ல பத்திரிகைக்காரரா இருந்தப்ப, 1927 மார்ச்ல ஒரு கொலை. ரூத் ஸ்னைடர்னு ஒரு குடும்பப் பெண், கார்செட், அதாவது பொண்ணுங்க இடுப்பை இறுக்கிக் கட்டுற உள்ளாடை, அதை விக்கிற ஜட் கிரேன்னு ஒரு சேல்ஸ்மேன், ரெண்டு பேரும் சேந்து அவ புருஷனைக் கொன்னுட்டாங்க. அதுக்கு முன்னாடியே புருஷன்கிட்ட சரியா விவரம் சொல்லாம ஒரு இன்ஷூரன்ஸ் எடுத்து வெச்சிருந்தா, எதிர்பாராத விதமா உயிர் போனா ரெட்டைப் பணம்னு ஷரத்தோட. திருடன் வந்து கொன்னுட்டான்னு ரூமைக் கலைச்சுப் போட்டு நாடகம் ஆடினாங்க, அது அவ்வளவு மட்டமான நாடகம், திருட்டுப் போனதா சொன்ன நகை மெத்தைக்கு அடியிலயே இருந்துச்சு. ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் காட்டிக் குடுத்தாங்க, 1928 ஜனவரி 12 ராத்திரி ரெண்டு பேருக்கும் மின்சார நாற்காலி. அந்த ரூமுக்குள்ள கேமரா கூடாது, ஆனா ஒரு போட்டோகிராஃபர் கணுக்கால்ல சின்ன கேமராவைக் கட்டிக்கிட்டுப் போயி பேண்ட் நுனியைத் தூக்கி ஒரே ஒரு படம் எடுத்துட்டாரு, மறுநாள் பேப்பர் முதல் பக்கம் முழுக்க அதுதான்.

கெய்ன் இதுலேர்ந்து எடுத்துக்கிட்டது கொலையை இல்ல, அந்த ரெட்டைப் பண ஷரத்தையும், சேந்து தப்பு பண்ண ரெண்டு பேர் அப்புறம் ஒருத்தரை ஒருத்தர் எப்படிப் பாத்துக்குவாங்கங்கிறதையும்தான். நம்ம ஊர் பாலிசிலயும் டபுள் ஆக்ஸிடென்ட் பெனிஃபிட்னு ஒரு வரி பாத்திருப்பீங்க, அதே சங்கதிதான் டபுள் இன்டெம்னிட்டி. கதை 1936ல ஒரு வாரப் பத்திரிகைல எட்டு பகுதியா வந்துச்சு.

படக் கம்பெனிங்க எல்லாம் இதுமேல அதுக்கு முன்னாடியே கண்ணு வெச்சிருந்தாங்க, 25,000 டாலர் விலை பேசினாங்க, அப்ப வந்து விழுந்துச்சு சென்சார் ஆபீஸ் கடிதம். ஹேஸ் கோடுனு சொல்வாங்க, 1930ல எழுதி 1934லேர்ந்து கறாரா அமல்படுத்தின விதிமுறை. தப்பு பண்றவன் மேல ஜனங்களுக்கு அனுதாபம் வரக்கூடாது, கொலையை எப்படிச் செய்யலாம்னு விவரமா காட்டக்கூடாது, தப்பு பண்ணவன் தண்டனை இல்லாம போகவே கூடாது, கள்ளக்காதல் நியாயமாத் தெரியக்கூடாது. இந்தக் கதைல இது நாலும் இருந்துச்சு! எல்லாக் கம்பெனியும் பின்வாங்கிருச்சு. எட்டு வருஷம் கழிச்சு பாரமௌன்ட் 15,000 டாலருக்கு வாங்கினாங்க.

இங்கதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் ஒண்ணு இருக்கு. எப்படியும் இவன் தண்டனை வாங்கித்தான் ஆகணும், அதைத் தவிர்க்க வழியே இல்லன்னா, படம் பாக்குறவனுக்கும் அது தெரியும்தானே, அப்புறம் எதுக்கு அதை மறைச்சு வெச்சு சஸ்பென்ஸ் பண்ணணும், முதல் சீன்லயே இவன் முடிஞ்சான்னு சொல்லிட்டு அப்புறம் கதையைப் பின்னாடியிருந்து சொல்லிட்டா என்ன? நுவார்ல பாதிப் படம் ஃபிளாஷ்பேக்ல ஓடுறதுக்கும், ஒரு ஆள் சோந்துபோன குரல்ல தன் கதையைத் தானே சொல்றதுக்கும் சென்சார் மட்டுமே காரணம்னு நான் சொல்ல வரல, ஆனா அந்தக் கட்டாயத்தையே ஒரு தலைவிதி மாதிரி மாத்திக் காட்டினதுல இருக்கு இவங்க சாமர்த்தியம். சென்சார் கேட்டது நீதிக் கதை, இவங்க குடுத்தது விதிக் கதை, சென்சாராலயும் குறை சொல்ல முடியல.

டைரக்டர் பில்லி வைல்டர். ஆஸ்திரியா பக்கத்து யூதர், பெர்லின்ல சினிமாவுக்கு எழுதிட்டிருந்தவரு, 1933ல ஹிட்லர் வந்ததும் ஊரைவிட்டு ஓடி வந்தவரு. இவர் ஒருத்தர் மட்டும் இல்ல, ஃப்ரிட்ஸ் லாங், ராபர்ட் சியோட்மாக்னு நுவார் எடுத்த பெரிய தலைங்க பல பேர் அதே வழியா வந்தவங்கதான். ஜெர்மனில 1920கள்ல ஒரு பாணி இருந்துச்சு, செட்டுச் சுவரு கோணலா இருக்கும், நிழலை பெயிண்டாலயே தரைல வரைஞ்சு வெச்சிருப்பாங்க, பாத்திரத்தோட மனசு எப்படிக் கோணலா இருக்கோ அதே மாதிரி அறையும். அந்தக் கண்ணைத்தான் பெட்டில போட்டு எடுத்துட்டு வந்தாங்க. வந்த இடத்துல பல்ப் கதை காத்துக்கிட்டிருந்துச்சு. ரெண்டும் சேந்ததுதான் நுவார்.

அந்த வெளிச்சம் எப்படி வருதுன்னு சொல்றேன், வீட்லயே செஞ்சு பாக்கலாம். சினிமால சாதாரணமா ஒரு முகத்துக்கு மூணு லைட்டு, மெயினா ஒரு பக்கத்துலேர்ந்து அடிக்கிறது கீ லைட், அதனால மறுபக்கம் விழற நிழலை நிரப்புறது ஃபில் லைட், முதுகுப் பக்கம் ஒண்ணு பேக் லைட். இதுல ஃபில் லைட்டைக் குறைச்சுட்டீங்கன்னா, இல்ல அணைச்சே போட்டீங்கன்னா பாதி முகம் இருட்டுல போயிடும், அவ்வளவுதான் ரகசியம். ராத்திரி கரண்ட் கட் ஆனப்ப செல்போன் டார்ச்சை ஜன்னல் கம்பிக்கு அந்தப் பக்கம் வெச்சு ரூமுக்குள்ள அடிச்சுப் பாருங்க, எதிர்ச் சுவத்துல கம்பி கம்பியா நிழல் விழும், அதுக்கு நடுவுல உங்க வீட்டு ஆளை நிக்க வெச்சா ஜெயிலுக்குள்ள நிக்கிற மாதிரியே இருக்கும், பால் பாக்கெட் வாங்கப் போற மாமாகூட அப்ப ஏதோ தப்பு பண்ணவர் மாதிரிதான் தெரிவாரு. டபுள் இன்டெம்னிட்டில கேமராமேன் ஜான் சைட்ஸ் இதைத்தான் பண்ணாரு, கம்பிக்கு பதிலா பட்டைப் பட்டையா இருக்குற ஜன்னல் மறைப்பு. கொலை பண்றதுக்கு ரொம்ப முன்னாடியே, சும்மா இன்ஷூரன்ஸ் புதுப்பிக்கச் சொல்லி அந்த வீட்டு ஹாலுக்குள்ள வந்து நிக்கிறப்பவே ஹீரோ கோட்டு மேல அந்தப் பட்டை நிழல் விழுந்துடுது. அந்த ஹால் வெளிச்சத்துல தூசி மிதக்குற மாதிரி தெரியணும்னு அலுமினியப் பொடியை காத்துல ஊதி விட்டிருக்காங்க, பெருக்கி ரொம்ப நாள் ஆன பணக்கார வீடு, அந்தத் தூசியே பாதிக் கதை சொல்லிடும். போர்க்காலம் வேற, புது செட்டுச் சாமானுக்கு ஒரு படத்துக்கு 5,000 டாலருக்கு மேல கூடாதுன்னு அரசாங்க உத்தரவு, இருட்டுல வெச்சா செட்டு இல்லாததும் தெரியாது, அதுவும் ஒரு லாபம்.

கதை தெரியாதவங்களுக்கு மேலோட்டமா: வால்டர் நெஃப் இன்ஷூரன்ஸ் ஏஜென்ட், பேச்சுல கெட்டிக்காரன். ஒரு வீட்டுக்கு கார் பாலிசி விஷயமா போறான், மாடிப்படில அந்த வீட்டுக்காரி ஃபிலிஸ் இறங்கி வர்றா, கேமரா முதல்ல காட்டுறது கால்ல போட்டிருக்கிற கொலுசு மாதிரி ஒரு சங்கிலியை. மூணே சந்திப்புல புருஷனைக் கொல்றதுன்னு முடிவாகுது, ரயில்ல விபத்துல செத்த மாதிரி காட்டினா ரெட்டைப் பணம்.

இந்த மாதிரி ஆம்பளையைக் கவுக்குற பொண்ணு பாத்திரத்துக்கு ஃபாம் ஃபட்டால்னு பேரு, நுவார்னாலே இவதான்னு பல பேர் எழுதுவாங்க. எனக்கு அதுல முழு சம்மதம் இல்ல. நெஃப்பே ஒரு இடத்துல மனசு விட்டுச் சொல்றான், சூதாட்டக் கிளப்புல சக்கரம் சுத்தறவன் மாதிரிதான் நான், யாரும் ஏமாத்திடக்கூடாதுன்னு வருஷக்கணக்கா பாத்துக்கிட்டே நிக்கிறப்ப, நாமளே ஏமாத்தினா எப்படி இருக்கும்னு ஒரு நாள் தோணும்ல, அந்த மாதிரி. அப்ப திட்டம் எப்பவோ மண்டைக்குள்ள இருந்திருக்கு, ஆளும் வீடும்தான் பாக்கி. அவ வந்து கெடுத்துட்டான்னு ஆம்பளை சொல்ற கதை இது, சொல்றவன் யாருன்னு மறந்துடாம கேட்டா படம் இன்னும் நல்லா இருக்கும். ஃபிலிஸா நடிச்ச பார்பரா ஸ்டான்விக் தலைல வெச்சிருக்கிற அந்தப் பொன்னிற விக் பாத்தாலே டோப்பான்னு தெரியும், கம்பெனிக்காரங்களே கிண்டல் பண்ணாங்க, ஆனா அந்தப் போலித்தனம்தான் பொருத்தம்னு எனக்குத் தோணும்.

கொலை முடிஞ்சு பொணத்தைத் தண்டவாளத்துல போட்டுட்டு ரெண்டு பேரும் கார்ல வந்து உக்காருறாங்க. அவ சாவியைத் திருகுறா, வண்டி கிளம்பல. மறுபடி திருகுறா, இழுத்து இழுத்து அணையுது. ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிறாங்க, வசனம் இல்ல. அவன் மெதுவா அவ மேல சாஞ்சு கையை நீட்டி சாவியைத் திருகுறான், அந்த நேரத்துல நான் என்ன நினைச்சேன் தெரியுமா, கிளம்பு கிளம்பு கிளம்புன்னு. ஒரு அப்பாவியைக் கொன்னுட்டு வந்தவங்க வண்டி ஸ்டார்ட் ஆகணும்னு நான் வேண்டிக்கிறேன்! நுவார்னா என்னன்னு யாராவது கேட்டா இந்த அரை நிமிஷத்தைப் போட்டுக் காட்டினா போதும். இந்த ஐடியா ஸ்கிரிப்ட்ல கிடையாதாம், வைல்டர் ஷூட்டிங் முடிச்சு வெளிய வந்தப்ப அவர் கார் மக்கர் பண்ணியிருக்கு, உடனே திரும்ப ஓடி வந்து அந்த சீனை அப்படி மாத்தி எடுத்ததா அவரே சொல்லியிருக்காரு.

கொஞ்ச நேரம் கழிச்சு தனியா ரோட்டுல நடந்து போறப்ப, தன் காலடிச் சத்தம் தனக்கே கேக்கலைங்கிறான், செத்தவன் நடக்குற மாதிரி இருந்துச்சுங்கிறான். போலீஸ் வரல, யாரும் சந்தேகப்படல, எல்லாம் திட்டப்படிதான் போயிருக்கு, இருந்தும்.

துரத்துறதுக்கு போலீஸ்கூட கிடையாது, அதே ஆபீஸ்ல க்ளெய்ம் பாக்குற கீஸ்னு ஒரு பெரியவர்தான். நெஃப் மேல மகன் மாதிரி பாசம் வெச்சவரு. பொய் க்ளெய்ம் வந்தா அவருக்குள்ள ஒரு குட்டி மனுஷன் இருந்துக்கிட்டு நெஞ்சைக் கரிக்க வைப்பானாம். முதலாளி இதைத் தற்கொலைன்னு சொல்லி பணத்தை மறுக்கப் பாக்குறப்ப கீஸ் எகிறுவாரு பாருங்க, தற்கொலைக்குப் பத்து வால்யூம் புள்ளிவிவரம் இருக்கு, விஷத்துல எத்தனை வகை, குதிக்கிறதுல எத்தனை வகை, ஆனா மணிக்கு 15 மைல் வேகத்துல போற ரயிலோட பின்பக்கத்துலேர்ந்து குதிச்சு எவனாவது செத்திருக்கானான்னு மூச்சு விடாம கேப்பாரு. இன்ஷூரன்ஸ் ஆபீஸ்ல குப்பை கொட்டினவங்க யாராவது இருந்தா அந்த சீனுக்காகவே பாக்கலாம்.

படத்துக்குத் திரைக்கதை வைல்டரோட சேந்து எழுதினது யாருங்கிறீங்க, வேலை போயி பல்ப்ல கதை எழுத வந்தாரே அந்த சாண்ட்லர்தான். ரெண்டு பேருக்கும் சுத்தமா ஆகாது. ஒரு கட்டத்துல சாண்ட்லர், வைல்டர் பிரம்பை ஆட்டிக்கிட்டே பேசுறாரு, மரியாதையா கேக்காம ஜன்னல் மறைப்பை இழுத்து மூடச் சொல்றாருன்னு எல்லாம் கம்பெனிக்கு புகார் பட்டியலே எழுதிக் குடுத்துட்டாராம். நுவாரோட அடையாளமே அந்த ஜன்னல் மறைப்புதான்னு ஆகப்போறது பாவம் அப்ப ரெண்டு பேருக்கும் தெரியாது. ஏழு ஆஸ்கர் நாமினேஷன் வந்துச்சு, ஒண்ணுகூட கிடைக்கல.

சரி, அமெரிக்காக்காரன் எடுத்த படத்துக்கு பிரெஞ்சுப் பேர் எப்படி? எடுத்தவங்களுக்கு இப்படி ஒரு வகை இருக்குன்னே தெரியாது, அவங்களைப் பொறுத்தவரை அது க்ரைம் படம், இல்லைன்னா மெலோடிராமா. ஜெர்மன் ஆக்கிரமிப்புல நாலு வருஷம் பிரான்ஸ்ல ஹாலிவுட் படம் இல்ல. போர் முடிஞ்சு 1946 கோடைல தேங்கியிருந்தது எல்லாம் பாரிஸ்ல மொத்தமா வந்து கொட்டுது, மால்டீஸ் ஃபால்கன், லாரா, டபுள் இன்டெம்னிட்டி எல்லாம் வாராவாரம். ஒண்ணொண்ணா வருஷ இடைவெளில பாத்தவனுக்குத் தெரியாதது, சேந்தாப்ல பாத்தவனுக்குத் தெரிஞ்சுருச்சு, என்னடா எல்லாம் ஒரே மாதிரி இருட்டா இருக்குன்னு. அந்த ஆகஸ்ட்ல நினோ ஃப்ராங்க்னு ஒரு விமர்சகர் ஃபிலிம் நுவார்ங்கிற பேரை இந்தப் படங்களுக்கு வெச்சு எழுதினாரு. அதுக்கு முந்தின வருஷம்தான் காலிமார் பதிப்பகம் செரீ நுவார்னு கறுப்பு அட்டை போட்டு க்ரைம் நாவல் வரிசை ஆரம்பிச்சிருந்தாங்க, அதனால அந்த வார்த்தை காதுல இருந்திருக்கும்.

தமிழ்ல உண்டான்னு கேப்பீங்க. 1954ல அந்த நாள். வீணை வித்வான் எஸ். பாலசந்தர் டைரக்ட் பண்ணது, ஏவிஎம் படம், சிவாஜி, பண்டரிபாய். படத்துக்குப் பத்து பாட்டு இருந்த காலத்துல ஒரு பாட்டுகூட இல்ல. 1943ல மெட்ராஸ் மேல ஜப்பான்காரன் குண்டு போட்ட சமயம், ரேடியோ இன்ஜினியர் ஒருத்தரை யாரோ சுட்டுட்டாங்க, ஒவ்வொருத்தர் வாயிலேர்ந்தும் ஒவ்வொரு கதை வருது. விசாரிக்கிற சிஐடியா நடிச்ச ஜாவர் சீதாராமன்தான் எழுதினதும். தமிழோட முதல் நுவார்னு சொல்லுவாங்க, என் கணக்குல எலும்பு பழைய துப்பறியும் கதை, மேல போத்தியிருக்கிற நிழல் நுவார். ஆனா ஏன் சுட்டாங்கங்கிற காரணம் தெரியறப்ப ஒரு கனம் வந்து உக்காரும் பாருங்க, அது குறுக்கெழுத்துப் போட்டில வர்ற கனம் கிடையாது. அதுக்கு மேல சொன்னா நானும் அந்த லைப்ரரி புண்ணியவான் ஆயிடுவேன். ரிலீஸ் ஆனப்ப ஓடல, தேசிய விருதுல சான்றிதழ் கிடைச்சுது.

ஆரம்பிக்கிறவங்க டபுள் இன்டெம்னிட்டி முதல்ல பாருங்க, அப்புறம் 1947ல வந்த அவுட் ஆஃப் தி பாஸ்ட். காசு செலவில்லாம வேணும்னா டீடூர், 1945, காப்புரிமை போயிட்டதால தாராளமா கிடைக்கும், சில்லறைக் காசுல எடுத்த படம், ஒரு மணி நேரத்துக்கு கொஞ்சம் மேல, பாத்தா ரெண்டு நாளைக்கு லிஃப்ட் கேக்குறவன் யாரையும் வண்டில ஏத்த மாட்டீங்க. தி பிக் ஸ்லீப் பாக்குறப்ப கதை புரியலன்னா பயப்பட வேண்டாம், அதுல டிரைவரைக் கொன்னது யாருன்னு படம் எடுத்தவங்க கேட்டதுக்கு, நாவல் எழுதின சாண்ட்லரே எனக்கும் தெரியலன்னு சொன்னதா கதை உண்டு.

டபுள் இன்டெம்னிட்டில ஒண்ணு மட்டும் கவனிங்க. ஆரம்பிச்சு பதினாறு நிமிஷம் வாக்குல நெஃப் கீஸோட ரூமுலேர்ந்து வெளிய வர்றப்ப, வராந்தால நாற்காலி போட்டு கண்ணாடி மாட்டின ஒருத்தர் ஏதோ புக்கு படிச்சிட்டு இருப்பாரு, நெஃப் தாண்டிப் போறப்ப லேசா நிமிந்து ஒரு பார்வை பாத்துட்டு குனிஞ்சுக்குவாரு. அறுபது வருஷத்துக்கு மேல யாரும் கண்டுக்கல, 2009ல தான் அது யாருன்னு கவனிச்சாங்க. சாண்ட்லர்.